விதானையாரின் வசனங்களைத் தேடியபோது

2019 மாசியில் என் நண்பனின் அந்தியேட்டிக்கு, அதாவது முப்பத்தோராம் நாள் சடங்குக்கு, நினைவு மலர் ஒன்று அடித்தார்கள். எங்கள் ஊர்களில் அது வழக்கம். முன்பக்கங்களில் தேவாரமும் கந்தசஷ்டி கவசமும், நடுவில் வம்சாவளி, பின்னால் உறவினரும் நண்பர்களும் எழுதியவை. நண்பர்களுக்கு ஒதுக்கிய பக்கங்கள் என் பொறுப்பு. பதினொரு பேரிடம் எழுதி வாங்கினேன். பதினொன்றிலும் ஏறக்குறைய ஒரே வரி இருந்தது: 'நகைச்சுவை உணர்வு மிக்கவர், எல்லோரையும் சிரிக்க வைப்பவர்.' நான் எழுதியதிலும் அதுதான் இருந்தது.

மலர் கொடுத்து முடிந்த பின்னேரம், பந்தல் பிரிக்கிற நேரத்தில், அவனுடைய மகள் மலரோடு என்னிடம் வந்தாள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது.

"மாமா, அப்பா என்ன சொல்லி ஆக்களைச் சிரிக்க வைச்சவர்?"

சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவனோடு இரண்டு வருடத்துக்கு மேல் மேடையில் நின்றவன் நான். அவன் சொன்னதில் ஒன்றுகூட முழுதாக வரவில்லை. "பிறகு சொல்லுறன் பிள்ளை" என்று அனுப்பிவிட்டேன். அந்தப் 'பிறகு' வர நாலரை வருடம் எடுத்தது. இப்படி ஒரு நண்பனை இழந்தவர்களுக்கும், இப்படி ஒரு நண்பன் இன்னும் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் உதவும் என்றுதான் அந்த நாலரை வருடக் கதையை எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் அவனை எல்லோரும் விதானையார் என்றே கூப்பிட்டோம். இங்கேயும் அப்படியே சொல்கிறேன். கிராம அலுவலரை எங்கள் பக்கத்தில் இன்றும் விதானையார் என்றுதான் சொல்வோம். முதல் நாடகத்தில் அந்த வேஷம் போட்டான், பெயர் ஒட்டிவிட்டது. பிறகு அவனுடைய கலியாண வீட்டில்கூட "விதானையார் எங்கை?" என்று தேடியவர்கள் உண்டு.

1995 ஐப்பசியில் போரால் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் முழுக்கப் பெயர்ந்தபோது அவனுடைய குடும்பம் தென்மராட்சிக்கு வந்தது. அடுத்த வருடம் கிளாலியில் படகேறி வன்னிக்கு வந்து கிளிநொச்சியில் கொஞ்ச மாதம் இருந்தார்கள். 1996 புரட்டாதியில் கிளிநொச்சியும் இராணுவத்திடம் போனதும் மல்லாவி. நான் மல்லாவிக்காரன். அப்போது எங்கள் பள்ளிக்கூடம் இரண்டு நேரம் நடந்தது. காலையில் ஊர்ப் பிள்ளைகள், பின்னேரம் இடம்பெயர்ந்து வந்த பள்ளிக்கூடம். ஒரே கிடுகுக் கொட்டில், ஒரே வாங்கு, இரண்டு அதிபர்கள். நான் காலைக்காரன், அவன் பின்னேரக்காரன். நான் மறந்து விட்டுப்போன கொப்பியில் அவன் ஏதோ கிறுக்கி வைத்ததில்தான் பழக்கம் தொடங்கியது. உயர்தரம் வந்தபோது இரண்டு வகுப்பையும் சேர்த்துவிட்டார்கள்.

1997 வாணி விழாவுக்கு ஒரு நகைச்சுவை நாடகம் போடச் சொன்னார் தமிழ் ஆசிரியர். ஆறு பேர் சேர்ந்தோம். அந்த நாட்களில் கூத்து என்றால் ஊரே திரளும். காத்தவராயன் கூத்து விடிய விடிய நடக்கும். முள்ளியவளைப் பக்கத்தில் கோவலன் கூத்து. கூத்துக்காரரிடம் தாளமும் பாட்டும் தலைமுறை தலைமுறையாக வந்த மெட்டும் இருந்தன. எங்களிடம் இருந்தது ஒரு மேசை, ஒரு சைக்கிள், ஒரு குடை.

குடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாடகத்தில் நிவாரண அட்டை பதிகிற விதானையார் வருகிறார். விழாவுக்கு உண்மையான விதானையாரும் வருவதாக இருந்தது, அதுவும் முன்வரிசையில். எங்களுக்குப் பயம். நண்பன் முதல்நாளே அவருடைய வீட்டுக்குப் போனான். "ஐயா, நாளைக்கு நான் விதானையாரா நடிக்கிறன். உங்கடை குடையை ஒருக்கால் தருவியளோ?" என்று கேட்டான். அவர் குடையையும் கொடுத்து, கக்கத்தில் கடதாசிக் கோவையை இடுக்குகிற விதத்தையும் நடந்து காட்டினாராம். அடுத்த நாள் குடை மேடைக்கு வந்ததும் முதலில் சிரித்தவர் அவர்தான். அவர் சிரித்த பிறகு மற்றவர்கள் பயமில்லாமல் சிரித்தார்கள். யாரைப் பற்றி நாடகம் போடுகிறீர்களோ அவரிடம் ஒரு பொருளை இரவல் கேளுங்கள். இதை நான் பிறகு பல இடங்களில் செய்து பார்த்திருக்கிறேன், ஒரு முறையும் பிழையாகப் போனதில்லை. கொடுக்க மறுத்தால் அதுவும் நல்லதே. அந்த நாடகத்தைப் போடக்கூடாது என்று முதல்நாளே தெரிந்துவிடும்.

அவனுக்கு இன்னொரு கட்டுப்பாடு இருந்தது. மேடையில் எந்த ஊரின் பெயரையும் சொல்ல விடமாட்டான். "சிரிக்க வந்திருக்கிற சனத்தின்ரை வீட்டிலை இண்டைக்குக் காலமை என்ன நடந்ததெண்டு உனக்குத் தெரியாது மச்சான்" என்பான். ஊர்ப்பெயர் விழுந்தால் அந்த ஊரில் வீட்டை விட்டு வந்தவரின் சிரிப்பு அந்த இடத்திலேயே நின்றுவிடும், பக்கத்தில் இருப்பவரும் சிரிக்கக் கூச்சப்படுவார் என்று விளக்கம் சொன்னான். அப்போது அவனுக்குப் பதினெட்டு வயது. அந்த வயதில் அவனுக்கு அது எப்படிப் பிடிபட்டது என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். நிவாரணம் கொடுக்கிற சங்கக்கடை வரிசையில் கற்றிருப்பான் என்று நினைக்கிறேன். வீட்டு அட்டையோடு அவன்தான் போவான். மணிக்கணக்காக நிற்பான். வரிசையில் யார் எப்படிக் கதைக்கிறார்கள், எதற்குக் கோபிக்கிறார்கள், கோபம் எங்கே சிரிப்பாக மாறுகிறது என்று பார்த்துக்கொண்டே நிற்பான். வீட்டுக்கு மா, பருப்பு, சீனி போகும். எங்களுக்கு வசனம் வரும்.

ஒலிவாங்கி இல்லை. மின்சாரம் இல்லை. பெற்றோல்மாக்ஸ் இருந்தாலும் மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது? வீடுகளில் ஜாம் போத்தலில் திரி போட்டுப் படித்த காலம் அது. அதனால் பின்னேரம் நாலு மணிக்கு, பாலை மரத்தடியில், நாலு மேசையைச் சேர்த்துப் போட்டு மேடை. முன்னால் பிள்ளைகள் நிலத்தில், பின்னால் பெரியவர்கள், அதற்கும் பின்னால் வேலியோரம் சைக்கிளில் ஒரு கால் ஊன்றி நிற்கிறவர்கள். முகபாவம் மூன்றாவது வரிசையோடு சரி. அதனால் குடையாலும் தோளாலும் நடையாலும்தான் அவன் நடித்தான். அடுத்த வசனத்தை எப்போது தொடங்குவது என்பதற்கு அவனிடம் ஒரு கணக்கு இருந்தது. வேலியோரக்காரர்களைப் பார்த்துக்கொண்டே நிற்பான். முன்வரிசை சிரித்து முடிகிற நேரத்தில்தான் அவர்களுக்குச் சிரிப்பு போய்ச் சேரும். அவர்களுடைய சிரிப்பும் ஏறி, இறங்கத் தொடங்குகிற இடத்தில் வாயைத் திறப்பான். முழுக்க இறங்க விடமாட்டான். "நிண்ட வண்டிலைத் திரும்ப இழுக்கிறது கஷ்டம்" என்பான்.

எனக்கு இடம்பெயர்ந்த குடும்பத்தலைவர் வேஷம், கேள்விக்குப் பதில் சொல்கிற ஆள். ஒத்திகையில் நான் பகிடியாகச் சொல்ல முயன்றால் உடனே நிறுத்துவான். "நீ சிரிப்பு வரப் பண்ணாதை. நீ உண்மையாக் கோவப்படு. உன்ரை கோவம் எவ்வளவு உண்மையோ அவ்வளவுதான் என்ரை சிரிப்பு." எனக்குக் கைதட்டு கிடைக்காத நாட்களில், நாடகம் முடிந்ததும் என்னை முன்னால் இழுத்துவிட்டுத் தான் பின்னால் போய் நிற்பான். தன்னுடைய சிரிப்பு யாருடைய முதுகில் ஏறி வருகிறது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. நல்ல நடிகர்கள் பலரை அதற்குப் பிறகு பார்த்துவிட்டேன். அந்த அறிவு உள்ளவர்கள் மிகச் சிலர்.

1999 இறுதியில் குழு கலைந்தது. சோதனை, வேலை, வெளிநாடு. ஆறு பேரில் ஒருவன், ஆச்சி வேஷம் போட்டவன், 2009க்குப் பிறகு இல்லை. நாடகங்கள் எழுதிய சீ.ஆர். கொப்பி என்னிடம் இருந்தது. 2008 ஆடியில் மல்லாவியை விட்டு வெளிக்கிட்டபோது றங்குப்பெட்டியில் வைத்து ஏற்றினேன். அடுத்த தையில் விசுவமடுவில் பெட்டியை விட்டுவிட்டுத்தான் நடக்க முடிந்தது. ஒலிப்பதிவு என்று எதுவுமே இல்லை. பற்றறிக்குத் தடை இருந்த வன்னியில் றெக்கோடருக்கு எங்கே போவது?

விதானையார் அந்த இடம்பெயர்வுக்கு முன்பே மல்லாவியில் கலியாணம் செய்திருந்தான், பிறகு அங்கேயே திரும்பி வந்தான். வவுனிக்குளத்தின் கீழ் வயல். 2018 மார்கழியில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வெள்ளம் வந்தது. வரம்பு உடைத்த வயலில் நாள் முழுக்க நின்று கட்டினான். சில நாள் கழித்துக் காய்ச்சல். பனடோல் போட்டுக்கொண்டு மூன்று நாள் வீட்டில் கிடந்தான். கெண்டைக்கால் நோகிறது என்றான். வரம்பு வேலை செய்தவனுக்குக் கால் நோகாதா என்று எல்லோரும் விட்டுவிட்டோம். கண் சிவந்தது. மூத்திரம் குறைந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எலிக்காய்ச்சல். சிறுநீரகம் முன்பே பாதிக்கப்பட்டிருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் ஒவ்வொரு மாரியிலும் இது நடக்கிறது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் கிருமி இருக்கும். காலில் சின்ன வெட்டோ கீறலோ போதும், உள்ளே போய்விடும். வயலில் நின்றவருக்குக் காய்ச்சல் வந்தால், முதல் நாளே போய், "நான் வயல் தண்ணியிலை நிண்டனான்" என்று வைத்தியரிடம் நீங்களாகச் சொல்லுங்கள். அந்த ஒரு வசனம் இல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சலாகத்தான் தெரியும். விதைப்புக் காலத்தில் முற்தடுப்புக் குளிசைக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். அவனும் கேட்டிருக்கலாம், நாங்களும் நினைவுபடுத்தியிருக்கலாம்.

சரி, தேடலுக்கு வருகிறேன்.

மிஞ்சியது நாலு பேர். நான் வவுனியாவில், ஒருவன் மல்லாவியில், ஒருவன் ரொறொன்ரோவில், ஒருவன் பாரிஸில். 2020 ஊரடங்கில் வாட்சப்பில் சேர்ந்தோம். முதலில் எல்லோரையும் ஞாபகம் இருப்பதை எழுதி அனுப்பச் சொன்னேன். வந்தவை மறுபடியும் நினைவு மலர் போலவே இருந்தன. 'அண்டைக்கு ஆக்கள் உருண்டு உருண்டு சிரிச்சவை.' எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை. பிறகு எழுத்தை விட்டுக் குரல்பதிவுக்கு மாறினோம். அது வேறு மாதிரி இருந்தது. ஒருவன் தன் வசனத்தைப் பழைய குரலில் சொல்லும்போது, கேட்கிறவனுக்கு அடுத்த வசனம் தானாக வருகிறது. இங்கே ஒரு பிழை விட்டேன். எல்லாவற்றையும் குழுவில் போடச் சொன்னேன். ரொறொன்ரோக்காரன் உறுதியாகக் கதைப்பவன். அவன் சொன்னதைக் கேட்டதும் மற்ற இருவரும் "ஓமோம், அப்பிடித்தான்" என்றார்கள். அதற்குப் பிறகு அவர்களுடைய சொந்த ஞாபகம் எது என்று பிரிக்க முடியவில்லை. முதலில் ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டுப் பதிந்து வையுங்கள். பிறகு சேர்த்து இருத்துங்கள். ஒன்றுக்கொன்று முரணாக வந்தால் இரண்டையும் எழுதுங்கள், தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

தனித்தனியாகக் கேட்டபோது ஒன்று புரிந்தது. எங்களுக்கு எங்கள் வசனம் தெரியும். அதைத் தொடங்க, அவனுடைய வசனம் எந்தச் சொல்லில் முடியும் என்றும் தெரியும். அதனால் எங்களிடம் இருந்தவை அவனுடைய வசனங்களின் வால்கள் மட்டுமே. 'அட்டை இருக்கோ?' என்று அவன் முடிப்பான். நான் 'இல்லை ஐயா, இலைதான் இருக்கு' என்பேன். அதற்குத்தான் வேலியோரம் சைக்கிள்கள் சரியச் சிரிப்பார்கள். ஆனால் அட்டை எதற்கு? இலை எங்கே இருந்து வந்தது? இரண்டு வருடம் அந்த இலை என்னைத் தூங்க விடவில்லை.

2023 ஆவணியில் பாரிஸ்காரன் ஊருக்கு வந்தான். மூவரும் பழைய பள்ளிக்கூடத்துக்குப் போனோம். கொட்டில்கள் இல்லை, மாடிக் கட்டடம் இருக்கிறது. பாலை மரம் நிற்கிறது. ரொறொன்ரோக்காரன் தொலைபேசியில். நான் யாரிடமும் 'ஞாபகம் இருக்கோ' என்று கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு 'இல்லை' என்ற பதில்தான் சுலபமாக வரும். 'நீ எதிலை நிண்டனி? கையிலை என்ன? எங்கை பாத்தனி?' என்று கேட்டேன். மல்லாவிக்காரன் என்னைப் பிடித்து இரண்டடி தள்ளி நிறுத்தினான். "நீ இதிலை. விதானையார் உதிலை. அவன் உன்னைப் பாக்கிறேல்லை. குடையைச் சுருக்கிப்போட்டு அண்ணாந்து பாப்பான்." நானும் அண்ணாந்து பார்த்தேன். பாலை மரம். எல்லாம் ஒரேயடியாக வந்தது.

விதானையார் நிரந்தர முகவரி கேட்பார். நான் கோபத்தோடு வரிசையாகச் சொல்வேன்: சொந்த வீடு, பெரியம்மா வீடு, கோயில் மண்டபம், பள்ளிக்கூடம், மாமரத்தடி, இப்போது பாலைமரத்தடி. "உதிலை நிரந்தரமா நிண்டது எது?" என்பார். "மரந்தான் ஐயா." அவர் அண்ணாந்து பார்ப்பார், பேனையை எடுப்பார். "அப்ப மரத்துக்கு அட்டை இருக்கோ?"

மரத்தடியில் நின்று மூன்று பேரும் சிரித்தோம். பிறகு கொஞ்ச நேரம் யாரும் கதைக்கவில்லை.

அன்றிரவு அதைத் தட்டச்சு செய்தேன். 'அப்படியென்றால் மரத்துக்குக் குடும்ப அட்டை இருக்கின்றதா?' என்று திருத்தமாக எழுதினேன். செத்துப்போயிருந்தது. அவன் 'இருக்கோ' என்று இழுத்த இழுப்பில்தான் 'இல்லை' வந்து 'இலை' ஆகும். பேசிய தமிழை அப்படியே எழுதுங்கள். பக்கத்தில் எங்கே பார்த்தான், எவ்வளவு நேரம் சும்மா நின்றான் என்பதையும் குறியுங்கள். எங்கள் கொப்பியில் இப்போது 'அண்ணாந்து பார்த்தல், மூன்று மூச்சு' என்றெல்லாம் இருக்கிறது. மூன்று பிரதி எடுத்தோம்: ஒன்று மகளிடம், ஒன்று என்னிடம், ஒன்று இணையச் சேமிப்பில். 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் நினைவு மலர்களையும் எண்ணிமமாக்கிப் பாதுகாக்கிற நூலகம் நிறுவனத்துக்கும் ஒன்று கொடுக்க இருக்கிறோம். ஆச்சியின் பக்கங்கள் வெறுமையாகவே இருக்கின்றன. அவற்றைக் கழற்றவில்லை.

மிஞ்சியது றேடியோ நாடகம். ஊரில் எல்லோரும் கேட்டது அதைத்தான். டைனமோவில் றேடியோ கேட்ட காலம் அது. சைக்கிளை ஸ்ராண்டில் போட்டு ஒருவன் மிதிக்க, மற்றவர்கள் சுற்றியிருந்து பி.பி.சி. தமிழோசை கேட்பார்கள். நாடகத்தில் பாரிஸ்காரன் மிதிப்பான், விதானையார்தான் றேடியோ. மேசையில் குந்தியிருந்து செய்தி வாசிப்பான். "எதிர்வரும் வாரம் முதல் ஒவ்வொரு குடும்பத்துக்கும்…" என்று வரும்போது மிதிக்கிறவன் களைப்பான். குரல் தேய்ந்து, வாய் மட்டும் அசையும். எத்தனை கிலோ, என்ன சாமான் என்று ஒருவருக்கும் கேட்காது. மேடையில் நாங்கள் "மிதியடா!" என்று கத்துவோம். இரண்டாவது தடவை முழுச் சனமும் கத்தும். மிதித்ததும் குரல் திரும்ப வரும், ஆனால் அதற்குள் வானிலை அறிக்கைக்குப் போயிருக்கும்.

விதானையார் வேஷத்துக்கு எங்களிடம் வால்கள் இருந்தன. றேடியோவுக்குத் தலைகள் மட்டும் இருந்தன. அணைந்த பகுதியில் ஒன்றுமே இல்லை, வெறும் வாயசைவு என்று நினைத்து, அந்த இடங்களைக் கோடு போட்டு விட்டிருந்தோம். பாரிஸ்காரனிடம் நாங்கள் அதுவரை எதையும் உருப்படியாகக் கேட்டதில்லை. அவனுக்கு வசனமே இல்லை என்பதால். அந்தப் பயணத்தின் கடைசி நாள் விதானையாரின் வீட்டு முற்றத்தில், மகளுக்கு முன்னால் செய்து காட்டினோம். பழைய சைக்கிளில் பாரிஸ்காரன் ஏறினான். நான் கொப்பியைப் பார்த்துச் செய்தி வாசித்தேன், கோடு போட்ட இடத்தில் நிறுத்தி வாயை அசைத்தேன்.

பாரிஸ்காரன் மிதிப்பதை நிறுத்திவிட்டான். "அவன் சும்மா வாயசைக்கேல்லையடா. சொல்லுவான். மூச்சிலை சொல்லுவான். எனக்கு மட்டுந்தான் கேக்கும்."

"என்ன சொல்லுவான்?"

"ஒவ்வொரு தரமும் வேறை. ஒருக்கால் ஆளுக்கு ஒரு சவுக்காரம் எண்டான். ஒருக்கால் மண்ணெண்ணெய் ஒரு பரல். கடைசி முறை, 'ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மாட்டுவண்டில் ஐஸ்கிறீம்' எண்டான். எனக்குச் சிரிப்பு வந்து கால் வழுக்கிப்போச்சு. நான் களைச்சு நடிக்கிறனெண்டு நீங்கள் எல்லாரும் பாராட்டினியள்."

மகள் கொப்பியை வாங்கினாள். நாங்கள் கோடு போட்ட இடத்துக்கு மேலே, சின்ன எழுத்தில், மாட்டுவண்டில் என்று எழுதத் தொடங்கினாள். "ஒரு வண்டிலோ, ரெண்டோ மாமா?" என்று அவனைப் பார்த்துக் கேட்டாள்.